மூன்றாம் மாடியின் சிவப்பு விளக்கு

உங்கள் அலுவலகத்தில் தீ மணி அடித்தால் யாருக்குக் கேட்காது? சட்டென்று சொல்ல முடியுமா? முடியாதென்றால் ஊதா அக்காவைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

ஒரு ரத்தப் பரிசோதனைக் கம்பெனியின் மூன்றாம் மாடியில் அவருக்கு வேலை. கண்ணாடித் தகட்டில் ரத்தத் துளியை மெல்லிசாக இழுத்து, சாயம் ஊற்றிக் காயவைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து அணுக்களை எண்ணுவார். பதினோரு வருடச் சாயம் எந்தச் சோப்புக்கும் மசியாமல் விரல் நுனிகளில் தங்கிவிட்டது. பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

இரண்டு வயதில் வந்த காய்ச்சல் அக்காவின் காதைக் கொண்டுபோயிற்று. தலையெழுத்து என்றார்கள் உறவினர்கள். தலையில் யாரும் எதையும் எழுதவில்லை. மருந்து நேரத்துக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். காய்ச்சலுக்கு விதி என்று பெயர் வைத்துவிட்டால் ஆஸ்பத்திரி கட்டும் செலவு மிச்சம்.

உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார் அக்கா. மாடியில் எல்லோரும் முகக்கவசத்தை இறக்கிவிட்டு அவரைப் பார்த்துப் பேசுவார்கள். மேற்பார்வையாளர் ஒருவர் பேச்சு மட்டும் பிடிபடாது. அவர் மீசை கூரைச் சார்ப்பு மாதிரி உதட்டை மூடியிருக்கும். "அதுக்குள்ள என்ன பேச்சு நடக்குதுன்னு இன்னிவரைக்கும் தெரியல" என்று வீட்டில் சைகையில் சொல்வார். தையல்காரரான கணவர் சிரிப்பார். "நீ கொடுத்துவச்சவ. மத்தவங்களுக்கெல்லாம் கேக்குதே."

போன வருடம் கம்பெனி வாசலில் ஆள் உயரப் படம் ஒன்றை ஒட்டினார்கள். ஊதா விரல்களோடு அக்கா மைக்ரோஸ்கோப்பில் குனிந்திருக்கிறார். கீழே 'எல்லோரும் நம்மவரே' என்ற வாசகம்.

ஒரு நாள் காலை பதினொரு மணிக்குத் தீ ஒத்திகை மணி அடித்தது. வழக்கமாக அக்காவின் தோளைத் தட்டிச் செய்தி சொல்லும் பக்கத்து மேசைப் பெண் அன்று விடுப்பு. அவ்வளவு பெரிய கம்பெனியில் ஓர் உயிரின் பாதுகாப்பு இன்னொருத்தியின் விடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மாடியே காலியாயிற்று. கீழே மீசைக்காரர் பட்டியலில் வருகை குறித்தார். தினமும் முதல் ஆளாக வருகிறவர் அக்கா. பழகிய கை அந்தப் பெயருக்கு நேரே தானாகவே டிக் போட்டது.

நூறாவது அணுவை எண்ணி முடித்து அக்கா நிமிர்ந்தார். ஒருவரும் இல்லை. ஒரு கோப்பையில் டீ ஆவி பறந்துகொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தார். எல்லோரும் வெயிலில் வரிசையாக நின்றிருந்தார்கள். மூன்று மாடிப் படிகளையும் எப்படி இறங்கினார் என்று அவருக்கே நினைவில்லை.

"அக்கா வேலையை முடிச்சுட்டுத்தான் எரிவாங்க போல" என்று யாரோ சொல்ல, சிரிப்பு எழுந்தது. அக்காவின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிப்போயிற்று.

மறுநாள் கடிதம் வந்தது. அழைத்தும் வெளியேறவில்லையாம். பாதுகாப்பு கருதி அடுத்த மாதம் முதல் கீழ்த்தளக் கிடங்குக்கு மாற்றமாம். கிடங்கில் அட்டைப் பெட்டிகள் உண்டு. மைக்ரோஸ்கோப் கிடையாது.

கடிதத்தைப் படித்த கணவர் அந்த ஊதா விரல்களைப் பிடித்துக்கொண்டார். பிறகு சமையலறைக்குப் போய்ச் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, மனைவியைக் கூப்பிட எப்போதும்போல் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார். அக்கா நிமிர்ந்தார். எழுந்திருக்கவில்லை. அந்த விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் மேலாளர் அம்மாவின் அறையில் அக்காவும் மீசைக்காரரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"உங்க நல்லதுக்குத்தாங்க. நாளைக்கு நிஜமாவே தீப்பிடிச்சா?" என்றார் மேலாளர்.

அக்கா குறிப்பேட்டில் எழுதி நீட்டினார். "நிஜமாவே தீப்பிடிச்சா கிடங்குலயும் எனக்கு மணி கேக்காது மேடம். வீட்டுல லைட்டை அணைச்சுப் போட்டுக் கூப்பிடுவாங்க. மணியோட ஒரு லைட்டை மாட்டுங்க. நான் என் இடத்துலயே இருக்கேன்."

மேலாளர் இரண்டு முறை படித்தார். "சரி, ஆனா கூப்பிட்டும் நீங்க வரலைன்னு இவரோட அறிக்கை சொல்லுதே?"

அக்கா மீசைக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் தலை குனிந்திருந்தார். பிறகு மீசை அசைந்தது. என்ன சொன்னார் என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஆனால் மேலாளரின் முகம் மாறியது. அந்த உதடுகளைத்தான் அக்கா படித்தார்: "அப்போ, ஆளைப் பாக்காமலே டிக் போட்டீங்களா? கூப்பிடவும் இல்லையா?"

மாற்றக் கடிதம் ரத்தானது. பத்தாம் நாள் அக்காவின் மேசைக்கு எதிரே சிவப்பு விளக்கு ஒன்றை மாட்டினார்கள்.

அன்று காலை யாரோ ஒரு புது ஆள் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மேலுதடு மட்டும் வெயிலே படாததுபோல் வெளிறியிருந்தது. கண்களைப் பார்த்த பிறகுதான் அக்காவுக்கு ஆள் யாரென்று விளங்கியது. இருபத்தைந்து வருட மீசை போயிருந்தது.

அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "தப்பு என்னோடதும்மா. தலையை எண்ணாம பேரை எண்ணிட்டேன். அதை மறைக்க உங்க மேல பழியும் போட்டேன்."

பதினோரு வருடத்தில் அவர் வாயிலிருந்து அக்கா படித்த முதல் பேச்சு அது. அக்கா குறிப்பேட்டை எடுத்து எழுதினார். "இப்போ நல்லாப் புரியுது சார். ஆனா மீசையோட முகம் கொஞ்சம் பரவாயில்ல."

"வீட்டுலயும் இதையேதான் சொன்னாங்க" என்றார் அவர். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கழிப்பறையில் இன்னும் சிவப்பு விளக்கு மாட்டவில்லை. அதற்கும் அக்கா எழுதிக் கொடுத்திருக்கிறார். இம்முறை கீழே இரண்டு கையெழுத்துகள். இரண்டாவது, மீசை போனவருடையது.

வாசலில் படம் ஒட்டுவது எளிது. நாளை வேலைக்குப் போனதும் உங்கள் மாடியில் மணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் விளக்கு இல்லையென்றால் ஒரு தாளில் அதை எழுதி, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.