சிலை கேட்ட நெட்டுரு

மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் சிலை. பல்கலைக்கழக மொழித்துறையில் ஆங்கிலப் பேச்சுத் தேர்வு நடத்துகிறவள். அந்தத் தேர்வில் கேள்வி கேட்கிறவர் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் அசையக்கூடாது என்பது சட்டம். தலையாட்டக் கூடாது, புருவம் தூக்கக் கூடாது, தாளில் அச்சடித்திருப்பதைத் தவிர ஒரு வார்த்தை கூடப் பேசக்கூடாது. மற்றவர்கள் இந்தச் சட்டத்தை வேலை நேரத்தில் மட்டும் கடைப்பிடித்தார்கள். இவளுக்கு அது முகத்தோடு ஒட்டிக்கொண்டது. கல்யாண வீட்டில் எடுத்த படத்தில் கூட இவள் மட்டும் சாட்சி சொல்ல வந்தவள் மாதிரி நிற்பாள்.

தேர்வறையில் இன்னொருவரும் உண்டு. அவர் மூலையில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல், கேட்டுக்கொண்டே மதிப்பெண் போடுவார். அந்த வருடம் அந்த நாற்காலியில் இருந்தவன் ஒருகாலத்தில் சிலையிடமே படித்தவன். மாணவர்கள் அவனை மூலை என்பார்கள். சிலையும் மூலையும் ஒரே அறையில் என்றால் அன்றைக்குத் தேர்வுக்கு உட்காரவே வேண்டாம், நேரே வீட்டுக்குப் போய்விடலாம் என்று வராந்தாவில் ஒரு பேச்சு இருந்தது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. நெட்டுருவை மோப்பம் பிடிப்பதில் சிலையை மிஞ்ச ஆளில்லை. பிள்ளைகள் வீட்டில் நாலு பதிலை எழுதி, யாரிடமாவது திருத்தி வாங்கி, ராப்பகலாக உருப்போட்டுக்கொண்டு வருவார்கள். என்ன தலைப்புக் கொடுத்தாலும் சுற்றி வளைத்து அந்தப் பதிலிலேயே கொண்டுபோய் முட்டுவார்கள். சிலை அதற்கு அடையாளங்கள் வகுத்திருந்தாள். கண் சுவரில் ஒரு புள்ளியில் நிற்கும். வாக்கியம் வழுக்கிக்கொண்டு போகும். ஓரிடத்திலும் வார்த்தையைத் தேடமாட்டார்கள். இந்த மூன்றும் சேர்ந்தால் அந்தப் பகுதிக்குச் சுழி, ஒரு மதிப்பெண் கூடக் கிடையாது. புதிதாக வரும் தேர்வாளர்களுக்கெல்லாம் அவள்தான் இதைப் பாடமாகச் சொல்லிக்கொடுத்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்?

அந்த வாரம் வீடு தலைகீழாகக் கிடந்தது. கணவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்திருந்தார். போன் ஓயவில்லை. சித்தப்பா, மாமி, பக்கத்து வீடு, பழைய வீட்டின் பக்கத்து வீடு, எல்லோருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். "திடீர்னு நெஞ்சு வலின்னார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூணு அடைப்பு, ஆபரேஷன் பண்ணிட்டாங்க. இப்ப தேவலை, கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறார்." அன்று காலை செருப்பு மாட்டும்போது கூட நாத்தனாரின் போன். பேசி முடித்ததும் மகள் சிரித்தாள்.

"அம்மா, இதை ரெக்கார்டு பண்ணி வெச்சுடவா? போன் வந்தா பட்டனை அமுக்கினா போதும்."

"வாயை அடக்குடி. அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடு," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள். சிரிப்பு வரவில்லை.

பகல் இடைவேளை முடிந்து அடுத்த ஜோடியை உள்ளே விடும் முன், வாசலில் பெயர் கூப்பிடும் அம்மா அவள் காதருகே குனிந்தாள். "அக்கா, அந்த ஒல்லிப் பொண்ணுக்கு இது மூணாவது தடவை. இதுல போச்சுன்னா துறையை விட்டே அனுப்பிடுவாங்களாம். பாவம்."

"இதெல்லாம் என்கிட்ட ஏன் சொல்றே?" என்று சிலை எரிந்து விழுந்தாள். ஆனால் காதில் விழுந்ததை எடுத்து வெளியே போட முடியுமா?

இந்தத் தேர்வு ஜோடி ஜோடியாகத்தான் நடக்கும். ஒருவர் அட்டையில் உள்ள தலைப்பில் பேச வேண்டும். பேசி முடித்ததும் கூட வந்தவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும். என்ன கேள்வி என்பதையும் பிள்ளைகள் வராந்தாவிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். ஒல்லிப் பெண்ணோடு வந்தவன் தடித்த கண்ணாடி போட்ட பையன். சோடாபுட்டி என்று மற்றவர்கள் கூப்பிட்டது கதவு வழியே கேட்டது.

சிலை ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு அட்டையை நீட்டினாள். 'கடினமான ஒன்றை நீங்கள் யாருக்காவது விளக்க நேர்ந்த சந்தர்ப்பம் பற்றிப் பேசுங்கள்.'

அட்டையைப் படித்ததும் அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது. மடியில் இருந்த கைகளைக் கோத்துக்கொண்டு, சுவரில் கடிகாரத்துக்குக் கீழே ஒரு புள்ளியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். ஆங்கிலம் ஆறாக ஓடியது.

"என் தந்தைக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, வேறு நோய் இல்லை. காலை உணவுக்குப் பின் வலது கை தளர்ந்து கோப்பையைக் கீழே போட்டார். பேச்சு குழறியது. பத்து நிமிடத்தில் நினைவு தப்பியது. வாந்தி இல்லை. வலிப்பு இல்லை..."

ஒரு தடுமாற்றம் இல்லை. ஒரு சொல்லைத் தேடவில்லை. அப்போது குடும்பம் வெளிநாட்டில் இருந்தது, மருத்துவர்களுக்குத் தமிழ் தெரியாது, வீட்டில் ஆங்கிலம் தெரிந்தவள் தான் மட்டுமே, அதனால் விளக்கியது தான்தான் என்று சொல்லி, "அடுத்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

சிலை மனதுக்குள் எண்ணினாள். புள்ளி, வழுக்கல், தேடாமை. மூன்றும் இருந்தன. மூலையில் பேனா கீறும் சத்தம் கேட்டது. எந்த இடத்தில் எந்தக் கோடு போடுகிறான் என்பது திரும்பிப் பார்க்காமலே அவளுக்குத் தெரியும். மூன்றாவது தடவையிலாவது இந்தப் பெண் நெட்டுரு போடாமல் வந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குக் கோபம் வந்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது.

"இப்போது உங்கள் கேள்வி," என்று தாளைப் பார்த்துப் பையனிடம் வாசித்தாள்.

சோடாபுட்டி விழித்தான். அவர்கள் பேசி வைத்திருந்த கேள்வி வேறு ஏதோ தலைப்புக்கு. இங்கே அது ஒட்டாது. அவன் பக்கத்தில் இருந்தவளைத் திரும்பிப் பார்த்தான். தேர்வு என்பதே மறந்துபோனவனாகக் கேட்டான்.

"உன் அப்பா இப்போது எப்படி இருக்கிறார்?"

அந்தப் பெண்ணின் கண் சுவரிலிருந்து இறங்கியது. வாய் திறந்தது, மூடியது. கடிகார முள் நகர்ந்துகொண்டே இருந்தது. இப்படி நின்றுவிட்டால் கேள்வியை இன்னொரு முறை வாசிக்கச் சிலைக்கு அனுமதி உண்டு, ஆனால் கேட்டது அவள் இல்லை. தாளில் அதற்கு வழி இல்லை. "பரவாயில்லை, மெதுவா சொல்லும்மா" என்று நுனி நாக்கு வரை வந்ததை அவள் விழுங்கினாள்.

"காத்திருக்க... அவர்கள் சொன்னது," என்றாள் அந்தப் பெண். ஆங்கிலம் அவள் கையில் உடைந்து உதிர்ந்தது. "நாங்கள் காத்திருக்கிறோம். பெஞ்சில். அம்மா கேட்கிறாள் என்ன சொன்னார்கள், நான் சொல்... நான் அவளுக்குச் சொல்லவில்லை. காத்திருக்கிறோம். பிறகு காத்திருப்பது வேண்டாம்." அவள் பையனைத் திரும்பிப் பார்த்தாள். "யாரும் இதைக் கேட்கவில்லை. இது முதல்."

அப்பா இல்லை என்பது புரிந்து சோடாபுட்டி தலையைக் குனிந்துகொண்டான். சிலை தாளில் இருந்த கடைசி வரியை வாசித்தாள். "நன்றி. தேர்வு முடிந்தது." தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது.

இருவரும் வெளியே போனதும் அவள் கதவைச் சாத்திவிட்டு மூலைக்கு வந்தாள். வாசல் அம்மா எந்த நேரமும் மதிப்பெண் தாளை வாங்க வருவாள். தாள் கை மாறிவிட்டால் மாறினதுதான். அதுவரை அதைத் திருத்தக்கூடியவன் எழுதினவன் ஒருவனே.

"சுழி போட்டியா தம்பி?"

"போட்டேன்க்கா. சுத்தமான நெட்டுரு. நீங்க சொல்லிக்கொடுத்த மூணு அடையாளமும் இருந்துச்சு."

"அது நெட்டுரு இல்லை."

மூலை அவளை ஆச்சரியமாகப் பார்த்தான். "எப்படிக்கா? பாடம் முடிஞ்சதும் இங்கிலீஷ் எப்படிப் படுத்துடுச்சு பாத்தீங்கல்ல? உருப்போட்டது தீர்ந்துபோச்சு, உண்மையான இங்கிலீஷ் வெளியே வந்துடுச்சு. இதைவிடச் சான்று என்ன வேணும்? பாவமாத்தான் இருக்கு. ஆனா பாவம் பாத்து மார்க் போடாதேன்னு நீங்கதானே சொன்னீங்க."

அவன் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. அவள் விதைத்த விதை, அவள் தண்ணீர் ஊற்றிய செடி, இப்போது அவள் காலையே குத்துகிறது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்காருன்னு கேளு."

"என்னக்கா இப்போ போய்..."

"கேளுப்பா."

"சரி. மாமா எப்படி இருக்கார்?"

அவள் கண் அவன் தோளுக்குப் பின்னால் சுவரில் போய் நின்றது. "திடீர்னு நெஞ்சு வலின்னார். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மூணு அடைப்பு, ஆபரேஷன் பண்ணிட்டாங்க." அதோடு நிறுத்தினாள்.

"இப்ப தேவலை, கொஞ்சம் கொஞ்சமா நடக்கிறார்," என்று மூலை முடித்தான். ஆசிரியர் அறையில் அந்த வாரம் முழுக்கக் கேட்டுக் கேட்டு அவனுக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. முடித்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவனுக்கு உறைத்தது.

"நான் புருஷனைப் பத்திப் பொய்யா சொல்றேன்?" என்று கேட்டாள். "அந்தப் பொண்ணு டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லியிருப்பா. அப்புறம் பெரிய டாக்டர்கிட்ட, ஸ்கேன் எடுக்கிறவர்கிட்ட, வார்டு நர்ஸ்கிட்ட. ஒரே கதையை அத்தனை பேருக்கும் சொன்னா வழுக்காம என்ன செய்யும்? அது எழுதி உருப்போட்டது இல்லைடா. வாழ்ந்து உருப்போட்டது. நான் சொல்லிக்கொடுத்த பாடம் தப்பு."

மூலை தாளைத் தள்ளி வைத்தான். ஒலிப்பதிவைப் பின்னால் ஓட்டி ஆரம்பத்திலிருந்து கேட்டான். கதவு தட்டப்பட்டது. சிலை எழுந்து போய்க் கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, "இரும்மா, இன்னும் ஆகலை," என்றாள். இதற்கு முன் தன் பாடத்தால் சுழி வாங்கிப் போன பிள்ளைகளில் எத்தனை பேர் இப்படி வாழ்ந்ததைச் சொன்னார்களோ என்ற நினைப்பு வந்து, அவள் கதவிலேயே சாய்ந்து நின்றுவிட்டாள்.

மூலை சுழியை அடித்துப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். முதல் பகுதிக்கு அதற்குரிய முழு மதிப்பெண் போட்டான். உடைந்த பகுதிக்கு இலக்கணத்தில் குறைத்தான். அங்கே இரக்கம் காட்டவில்லை, அவளும் கேட்கவில்லை. கூட்டிப் பார்த்தால் அந்தப் பெண் நூலிழையில் கரை சேர்ந்திருந்தாள். வாசல் அம்மா தாளை வாங்கிக்கொண்டு போனாள்.

மாலையில் அவள் வெளியே வந்தபோது வராந்தா பெஞ்சில் அந்த ஒல்லிப் பெண் இன்னும் உட்கார்ந்திருந்தாள். சோடாபுட்டி பக்கத்தில் தண்ணீர் பாட்டிலோடு இருந்தான். அந்தப் பெண் எழுந்து நின்று சிலையின் முகத்தைத் தேடினாள். முடிவு வரும்வரை ஒன்றும் காட்டக் கூடாது. சிலை எதையும் காட்டவில்லை. "வீட்டுக்குப் போம்மா, அம்மா தேடுவாங்க," என்று மட்டும் சொன்னாள்.

பஸ் நிறுத்தத்தில் போன் அடித்தது. மறுபடியும் நாத்தனார்.

"தம்பி எப்படி இருக்கான்? காலைல சரியாவே கேக்கலை."

"இப்ப தேவலை அண்ணி, கொஞ்சம் கொஞ்சமா..." என்று ஆரம்பித்தாள். பார்க்க எதிரே சுவர் இல்லை, பஸ்கள்தான் போய்க்கொண்டிருந்தன. அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

"ஹலோ? இருக்கியா?"

"இருக்கேன். அண்ணி... தூங்கும்போது அவர் மூக்குக்கிட்ட கை வெச்சுப் பாக்கறேன். மூச்சு வருதான்னு. தினம். பயமா... என்ன சொல்றதுன்னு தெரியலை."

அந்தப் பக்கம் நாத்தனார் அழ ஆரம்பித்தாள். சிலை பஸ்ஸைப் போக விட்டுவிட்டு, போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அடுத்த வார்த்தையைத் தேடினாள்.