செருப்பைக் கழற்றிவிட்டுப் பாடிய பாட்டு

மயிலாடுதுறையில் ஆட்டோ விளம்பரங்களுக்குக் குரல் பதிந்து கொடுப்பது என் தொழில். என்னிடம் விளம்பரம் பாட வரும் ஒரு பெண் ராப் பாடுவாள். ஒல்லியான உடம்பு, ஆளைவிடப் பெரிய சட்டை, மைக் முன்னால் மட்டும் கணீரென்ற குரல்.

ஒருநாள் மனை விற்பவர் ஒருவருக்காகப் பாட வந்தாள். "பஸ் ஸ்டாண்டு பக்கம், பட்டா கையில" என்று அவளே எழுதியிருந்த ராப்பை, செருப்பைக்கூடக் கழற்றாமல் ஒரே டேக்கில் முடித்தாள். மனைக்காரர் மகிழ்ந்துபோய் எங்கள் இருவருக்கும் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

அவள் கிளம்பவில்லை. "இன்னொண்ணு பதியணும்ண்ணே. இது எனக்கு" என்றாள். வயலில் இறங்குமுன் வரப்போரம் விடுவதுபோல் செருப்பைச் சுவரோரம் விட்டாள். வெறுங்காலால் தரையைத் தட்டிக்கொண்டே பாடினாள்.

"ஒண்ணரை மா, கோரைத்தாக்கு,
கூலி கேட்டுக் கொடி நட்ட மேட்டுத்தாக்கு..."

அதே மனைகள்தான். பிளாட் போடுவதற்கு முன்பு அந்த வயல்களுக்கு இருந்த பெயர்கள் அவை. அவள் அம்மா நடவு நட்ட வயல்கள். ஏழெட்டு முறை பாடியும் அவளுக்குத் திருப்தி வரவில்லை.

முடிந்ததும், மனைக்காரர் கொடுத்த நோட்டுகளிலிருந்தே என் கூலியை எடுத்து நீட்டினாள். வேண்டாமென்றேன்.

"வாங்கிக்கங்கண்ணே. அவரு விளம்பரத்துக்கு வாங்குனீங்கல்ல? எம்பாட்டு மட்டும் என்ன இனாமா?"

"அப்ப அவருக்கு ஏம்மா பாடுன?"

"அவருக்குப் பாடலன்னா இதை எப்படிண்ணே பதியிறது?"

வாங்கிக்கொண்டேன்.

இப்போதும் நகைக்கடை, செல்போன் கடை என்று விளம்பரம் பாட வருகிறாள். அவள் மைக் முன்னால் போய் நின்றதும் நான் முதலில் பார்ப்பது அவள் கால்களைத்தான். அன்றைக்குப் பிறகு இதுவரை செருப்பு கழலவில்லை.