முழங்கால் உயரத்தில் மஞ்சள் கோடு

நான் எதையும் இரண்டு முறை சரிபார்க்கிற ஆள். கதவைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் போய், திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பேன். அதனால் இதை நம்பலாம். கீழே உள்ள நேரங்களை எல்லாம் கைக்கடிகாரத்தைப் பார்த்து அந்தந்த இடத்திலேயே குறித்தேன். நகரத்தில் வியாழன் மாலைதோறும் எழுத்து வகுப்புக்குப் போகிறேன். முதலில் நேரத்தை எழுது, பயத்தை அப்புறம் எழுது என்று அங்கேதான் சொல்லித் தந்தார்கள். அப்படியே எழுதுகிறேன். எழுதியதை நாளை காலை ஒன்பது மணிக்குப் போலீஸ் நிலையத்தில் கொடுக்க வேண்டும். தைரியம் இருந்தால்.

என் பெயர் எலோய். ஆட்டுப்பால் பண்ணையில் வேலை. சனிக்கிழமைகளில் நடைபாதைச் சங்கத்துக்காகக் குறி வரைவேன். எங்கள் பீடபூமியில் ஊருக்கு ஊர் நடைபாதை உண்டு. வெளியூர்க்காரர்கள் முதுகில் பை மாட்டிக்கொண்டு, பழைய தேவாலயங்களைப் பார்த்தபடி நடந்து போவார்கள். அவர்களுக்கு வழி காட்ட, மரத்திலும் பாறையிலும் மஞ்சள் குறி போடுவோம். ஒற்றைக் கோடு என்றால் நேராகப் போ. கோட்டின் நுனி வளைந்திருந்தால் அந்தப் பக்கம் திரும்பு. பெருக்கல் குறி என்றால் இது வழியல்ல.

ஒரே மரத்தில் முன்னால் ஒரு குறி, பின்னால் ஒரு குறி. போகிறவருக்கு ஒன்று, எதிரே வருகிறவருக்கு ஒன்று. அதனால் பாதையை இரு திசையிலும் நடந்தே ஆக வேண்டும். ஒரு குறியைத் தாண்டினால் திரும்பிப் பார்க்க வேண்டும். எங்களுக்கு முதல் விதி இதுதான்.

அந்த விதியைத்தான் நாங்கள் மீறினோம்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, ஒரு ஆட்டுக்காரர் தன் மேய்ச்சல் நிலத்தில் பாதை வேண்டாம் என்றார். மொன்வியல் ஊரிலிருந்து பாழடைந்த தேவாலயத்துக்குப் போகும் பாதை அது. அதை முந்நூறு மீட்டர் தள்ளிப் போட்டோம். பழைய பாதை ஒரு குழியின் ஓரமாகப் போகும். சுண்ணாம்புப் பாறையில் கிணறு மாதிரி செங்குத்தாக இறங்கும் குழி. ஆழம் பதினைந்து மீட்டர். பாதை மாறியதும் ஆட்டுக்காரர் குழியைச் சுற்றியிருந்த வேலியைப் பிடுங்கிவிட்டார். யாரும் வர மாட்டார்கள் என்ற நினைப்பு.

பழைய குறிகளின் மேல் பழுப்புப் பெயின்ட் அடித்து மறைக்கப் போனவர்கள் இரண்டு பேர். நானும், சங்கத்தின் குறிப் பொறுப்பாளர் விதாலெங்கும். அவருக்கு அறுபத்தொரு வயது. நான் அவரைத் தலைவரே என்பேன். எல்லாவற்றையும் நான் குறித்து வைப்பதால் அவர் என்னைக் கணக்கப்பிள்ளை என்று கேலி செய்வார். போகும் திசைக் குறிகளை மறைத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. திரும்பும் திசையைத் தானே மறுநாள் வந்து முடிப்பதாகச் சொன்னார். வேலைத் தாளில் இரண்டு கட்டங்கள். போக, வர. இரண்டிலும் டிக் போட்டு என்னிடம் நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன்.

எல்லாவற்றையும் இரண்டு முறை பார்க்கிறவன் அன்றைக்குப் பார்க்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து ஒதில் மஸே என்ற பள்ளி ஆசிரியை தேவாலயத்திலிருந்து மொன்வியலுக்கு நடந்தார். வயது முப்பத்து நான்கு. பனிமூட்டம். திரும்பும் திசையின் பழைய குறிகள் அப்படியே இருந்தன. அவர் அவற்றை நம்பினார்.

ஆளைக் காணவில்லை என்று இரவே செய்தி வந்தது. அவர் ஆற்றுப் பக்கம்தான் போயிருப்பார் என்று சொல்லித் தேடியவர்களை அங்கே அனுப்பினார் விதாலெங். மூன்றாம் நாள் குழியில் உடலைக் கண்டார்கள். அதற்குள் திரும்பும் திசையில் எல்லாம் மறைக்கப்பட்டிருந்தது. பாதை பிரியும் இடத்தில் அழகான பெருக்கல் குறி இருந்தது. குறியை மதிக்காமல் போனது அந்தப் பெண்ணின் தவறு என்று விசாரணையில் எழுதினார்கள். அந்தப் பெருக்கல் குறியின் பெயின்ட் புதிதாகத் தெரிந்தது எனக்கு. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. சொல்லாமல் இருந்துவிட்டேன்.

இந்த நவம்பர் 9. குறிகளைப் புதுப்பிக்கும் நாள். மதியம் 1.30க்குத் தேவாலயத்தில் ரொட்டியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டு, மொன்வியல் நோக்கிக் கிளம்பினோம். ஒதில் நடந்த அதே திசை.

3.05. பனி இறங்கியது. பத்தடிக்கு மேல் தெரியவில்லை.

3.20. ஒரு ஓக் மரத்தில் மஞ்சள் கோடு. பளிச்சென்று இருந்தது. தொட்டேன். விரலில் ஒட்டியது. ஈரம்.

அதுவரை வந்த குறிகள் மங்காமல் இருந்ததால், எங்கள் டப்பாவை நாங்கள் இன்னும் திறக்கவே இல்லை.

"தலைவரே, நமக்கு முன்னாடி யாரோ வந்திருக்காங்க."

"அந்த ஆட்டுக்காரன் வேலைதான். நமக்கு வேலை மிச்சம். நட."

அடுத்த கோடு ஒரு பாறையில். அதுவும் ஈரம். அப்போதுதான் கவனித்தேன். கண் மட்டத்தில் இருக்க வேண்டிய குறி முழங்கால் உயரத்தில் இருந்தது. முன்பு பார்த்ததும் அப்படித்தான். அடுத்ததும் அப்படித்தான். யாரோ தரையில் உட்கார்ந்துகொண்டு, கை எட்டும் உயரத்தில் போட்ட மாதிரி...

இதைச் சொன்னேன். அவர் சிரித்தார்.

"குள்ளன் போட்டிருப்பான். எழுதிக்கோ கணக்கப்பிள்ளை."

எழுதிக்கொண்டேன். 3.34.

3.41. ஒரு சத்தம்.

டொக். டொக். டொக்.

நின்றது. மறுபடி மூன்று. கல்லைக் கல்லால் தட்டுகிற சத்தம். முன்னாலிருந்தும் வரவில்லை, பின்னாலிருந்தும் வரவில்லை. கீழேயிருந்து வந்தது.

விதாலெங் நின்றுவிட்டார். முகத்தைப் பார்த்தேன். அவர் குழம்பவில்லை. அந்தச் சத்தம் அவருக்குத் தெரிந்திருந்தது.

"மரங்கொத்தி. நட," என்றார்.

3.48. விதி ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்த்தேன்.

நாங்கள் தாண்டி வந்த மரத்தின் பின்பக்கம் பெருக்கல் குறி. அதற்கும் அந்தப் பக்கம், பனிக்குள் மங்கலாக, பாறையில் பெருக்கல் குறி. முன்னால் வா என்று கோடு. திரும்பினால் வழியல்ல என்று பெருக்கல்.



"தலைவரே... பின்னாடி எல்லாம் பெருக்கல். கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

அவர் திரும்பவில்லை. அன்றைக்கும் திரும்பாதவர்தானே.

"பின்னாடி என்ன இருந்தா எனக்கென்ன. முன்னாடி கோடு இருக்குல்ல? அதான் வழி."

டொக். டொக். டொக்.

இப்போது பக்கத்தில்.

"நிறுத்தச் சொல்லுடா அவள," என்றார்.

"யாரை?"

நடந்துகொண்டே பேசினார். என்னிடம் பேசவில்லை.

"அன்னிக்கும் இப்படித்தான் தட்டினா. காலைல ஆறரை மணி. நான் என்ன, கயிறா எடுத்துட்டுப் போனேன்? பெயின்ட் டப்பாதான் கொண்டு போனேன்."

என் கால் நின்றுவிட்டது.

அவர் மறுநாள் காலை, தேடுகிறவர்கள் கிளம்பும் முன்பே போயிருக்கிறார். அந்தப் பெண் உயிரோடு இருந்திருக்கிறார். இவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே குறிகளை மறைத்து, பெருக்கல் குறி போட்டு, வீட்டுக்குப் போயிருக்கிறார்.

பிறகு தேடியவர்களை ஆற்றுக்கு அனுப்பியிருக்கிறார்.

3.57. எனக்குப் பக்கத்துப் பாறையில் ஒரு கோடு. முழங்கால் உயரம். பார்த்துக்கொண்டே இருந்தேன். கோட்டுக்குக் குறுக்கே இன்னொரு கோடு மெல்ல நீண்டது. தூரிகை இல்லை. கை இல்லை. மஞ்சள் மட்டும் நகர்ந்தது.

பெருக்கல்.

அது எனக்கு.

முன்னால் அவருக்கு அடுத்த கோடு தெரிந்தது. நேர்க்கோடு.

"தலைவரே, நில்லுங்க."

அவர் நிற்கவில்லை. பனிக்குள் அவருடைய நீலச் சட்டை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

3.58.

அலறல் இல்லை.

சரளைக் கல் உருளும் சத்தம். வெகு நேரம் உருண்டது.

அப்புறம் தட்டும் சத்தமும் நின்றது.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். கைபேசியில் மீட்புப் படையை அழைத்தேன். அவர்கள் 6.50க்கு வந்தார்கள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்து குழியின் விளிம்பு இருபதடி.

அவர்கள் விளக்கு அடித்துத் தேடினார்கள். எந்த மரத்திலும் புதுப் பெயின்ட் இல்லை. எங்கள் டப்பாவின் மூடி திறக்கப்படவில்லை. என் விரலில் மட்டும் மஞ்சள். பழைய தூரிகையிலிருந்து ஒட்டியிருக்கலாம் என்றார்கள். இருக்கலாம். எனக்கு எதிலும் நிச்சயம் கிடையாது.

விதாலெங் சொன்னதை அன்று இரவே போலீஸிடம் சொல்லிவிட்டேன். வேலைத் தாளைப் பற்றிச் சொல்லவில்லை. அதில் என் கையெழுத்து இருக்கிறது. அவர்களும் கேட்கவில்லை.

நேற்று, வெள்ளிக்கிழமை, குழிக்குள் இறங்கிய மீட்புப் படையின் தலைவி ரெஜினைப் பார்த்தேன். இரண்டு முறையும் கயிற்றில் இறங்கியவர் அவர்தான். ஒதிலை மேலே கொண்டுவந்தபோது அடியில், பாறைச் சுவரில், கல்லால் கீறிய பெருக்கல் குறிகளைப் பார்த்தாராம். பதினொன்று. கால் ஒடிந்து உட்கார்ந்திருந்தவர் கை எட்டும் உயரத்தில். முழங்கால் உயரம். யாராவது மேலிருந்து எட்டிப் பார்த்தால் இந்தப் பக்கம் வராதே என்று எச்சரிக்கத்தான் கீறினாரோ என்று அப்போது நினைத்தாராம். குடும்பம் தாங்காது என்று அந்த விவரத்தை வெளியே விடவில்லை.

"இந்தத் தடவை எத்தனை?" என்று கேட்டேன்.



"பன்னிரண்டு. கடைசியா உள்ளது புதுசு. சுண்ணாம்புப் பொடி கீழ உதிர்ந்து கிடந்துச்சு. அவர் கீறல தம்பி. விழுந்த உடனே போயிட்டாருன்னு டாக்டர் எழுதியிருக்கார்."

அதுவும் பெருக்கல்தானே என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். என் குறிப்பேட்டை வாங்கி வரைந்து காட்டினார். ஒரு கோடு. நுனி இடது பக்கம் வளைந்திருந்தது.

பாதை முடியவில்லை, திரும்புகிறது என்று பொருள்.

"இடதுன்னா மேற்கு. அந்தப் பக்கம் உங்க ஊர்தானே?" என்றார்.

எங்கள் ஊர்தான்.

வேலைத் தாளின் நகல் இப்போது மேஜைமேல் இருக்கிறது. போக, வர. இரண்டு டிக். கீழே என் கையெழுத்து. நாளைக் காலை ஒன்பது மணி வரை நேரம் இருக்கிறது.

இன்று மாலை 5.40க்குப் பண்ணையிலிருந்து நடந்து வந்தேன். எங்கள் தெருமுனைக் கம்பத்தில், கீழே, ஏதோ மஞ்சளாகத் தெரிந்தது. தாண்டிவிட்டேன்.

ஒரு குறியைத் தாண்டினால் திரும்பிப் பார்க்க வேண்டும். அதுதான் விதி.

நான் பார்க்கவில்லை.