இரண்டு பேர் வண்டியும் ஆற்றுத் தண்ணீரும்

நான் ஓட்டும் வண்டியில் என் மனைவி ஏறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜங்ஷனுக்குப் போனாலும் டவுன் பஸ்தான், பல் டாக்டரிடம் போனாலும் ஆட்டோதான். இடுப்பில் தகடு வைத்த உடம்போடு, ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பஸ் படியில் ஏறுவதை ஸ்கூட்டரோடு நின்றபடி பார்த்திருக்கிறேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் ஜன்னல் வழியே என்னைப் பார்த்து, வீட்டுக்குப் போங்கள் என்பதுபோலத் தலையை ஆட்டுவாள். பாலிடெக்னிக்கில் பையன்களுக்கு மோட்டார் வாகனப் பாடம் நடத்துகிறவன் நான். என் வீட்டுக்காரி பஸ்ஸில் போகிறாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். வீரவநல்லூர் தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால், எங்கள் காருக்கு முன்னே வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை ஹாரன் அடித்தும் வழி விடவில்லை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். நாலாவது முறை அடித்துக்கொண்டே வலது பக்கம் ஏறினேன். அந்த ஆட்டோக்காரர் வலப்பக்கத்து வயல் பாதைக்குத் திரும்ப இண்டிகேட்டர் போட்டிருந்தார். அது மினுங்கியதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் ஏறினேன். அவர் திரும்ப, நான் ஒடிக்க, எங்கள் கார் சுழன்று புளியமரத்தில் இடப்பக்கமாக மோதி நின்றது. அந்தப் பக்கம் அவள் இருந்தாள்.

கேட்டவர்களிடமெல்லாம், "சிக்னல் போடாம திரும்பிட்டான்" என்று சொன்னேன். போலீஸ்காரரிடம் சொன்னேன், மச்சினனிடம் சொன்னேன். என்னை நம்பாமல் போக யாருக்கும் காரணம் இல்லை. மூன்றாம் நாள் அந்த ஆட்டோக்காரர் ஒரு சீப்புப் பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்து, கட்டில் ஓரமாக நின்று கையெடுத்துக் கும்பிட்டார். "மன்னிச்சிருங்கம்மா" என்றார். நான் பேசாமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் என் வண்டியில் ஏறவில்லை. ஏன் என்று நான் கேட்கவும் இல்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

விபத்து நடந்து நாலைந்து மாசத்தில் அம்பாசமுத்திரத்தில் ஒரு நெல் குடோனில், சாக்குக் குவியலுக்குப் பின்னால் அந்த வண்டியைப் பார்த்தேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கான்வாஸ் கூரை. மலை மேல் எஸ்டேட்டில் மேனேஜராக இருந்த யாரோ விட்டுப்போனதாம். கல்லூரி நாளிலிருந்தே இந்த மாதிரி வண்டிமேல் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. வாங்கிவிட்டு வந்து, "உனக்காகத்தான். இடுப்பு வலிக்காம நீ உக்கார்ற மாதிரி இதை மாத்தப் போறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

"உங்க ஆசைக்குச் செய்யுதிய. நல்லாச் செய்யுங்க. அதுக்குள்ள என் இடுப்பை எதுக்கு இழுக்கிய?" என்றாள்.

அவள் சொன்னதும் சரி, நான் சொன்னதும் சரி. எது எவ்வளவு என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியாது.

பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணாச்சியிடம் வண்டியைக் கொண்டுபோனேன். ஒன்றரை வருஷம் பாலிடெக்னிக் விட்டதும் நேரே அங்கேதான். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு, விபத்தில் நொறுங்கிய ஒரு புதுக் காரின் எஞ்சினையும் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றினோம். முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தோம். ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம் என்கிற அளவுக்கு லேசாக்கினோம். கூரைக்கு அடியில் இரண்டு அடுக்குத் துணி தைத்து, ஏசியும் பொருத்தினோம். மதுரையிலிருந்து பழைய கார்கள் சேர்க்கும் நண்பர் ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு நல்ல வண்டியைக் கொன்னுட்டீங்களே" என்றார். உம்முடைய வண்டிகள் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன என்று கேட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

எல்லாவற்றையும் விட அதிகம் மெனக்கெட்டது அவளுடைய இருக்கைக்குத்தான். இந்த ரகக் கார் தரையோடு தரையாக இருக்கும். குனிந்து, உடம்பை மடக்கி உள்ளே நுழைய வேண்டும். அவளால் அது ஆகாது. இருக்கையை நான்கு விரல் உயர்த்தி, அடியில் ஒரு சுழல் தட்டு வைத்துக் கதவுப் பக்கம் திரும்பும்படி செய்தோம். வெளியே நின்றபடியே உட்காரலாம், உட்கார்ந்த பிறகு முன்பக்கம் திருப்பிப் பூட்டிக்கொள்ளலாம். உயரம் சரியாக வர வேண்டும் என்று, அவள் நாற்காலியில் உட்கார்ந்து காய் நறுக்கும்போது முழங்காலுக்கும் தரைக்கும் டேப் பிடித்தேன்.

"என்ன, பாவாடை தைக்கப் போறியளா?" என்றாள். ஆனால் காலை நகர்த்தவில்லை.

வேலை முடிந்ததும் ஒரு நாள் அவளாகவே சொன்னாள். "பாபநாசம் வரைக்கும் வாரேன். ஒரே ஒரு தடவை. போற வழியில எங்கிட்ட எதையாவது மறைச்சியன்னா அதோட சரி. பொறவு என்னைக் கேக்கக் கூடாது."

வண்டி நின்றுபோனால், வலித்தால் என்று அவள் நிபந்தனை வைத்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

புறப்படுவதற்கு முந்தின நாள் பட்டறையில் பூஜை. தேங்காய் உடைத்து, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. பிறகு அண்ணாச்சி குறுக்குத்துறையிலிருந்து ஒரு பித்தளைக் குடத்தில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கினார். எஞ்சின் சூட்டைத் தணிக்க ரேடியேட்டரில் நான் ஊற்றியிருந்த பச்சைக் கூலன்ட்டை முந்தியே திறந்துவிட்டிருந்தார்.

"நம்ம பட்டறையில எந்த எஞ்சினுக்கும் மொதத் தண்ணி ஆத்துத் தண்ணிதான் சார்வாள். ஒரு வாரம் ஓடட்டும். பொறவு உங்க பச்சைத் தண்ணிய ஊத்திக்கிடுவோம்."

மலையில் சாரல் பிடித்து ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்த நேரம். குடத்துத் தண்ணீரும் லேசாகக் கலங்கல். "ஒரு துணி வச்சு வடிகட்டியாவது ஊத்துங்க" என்றேன்.

அவருக்கு முகம் மாறிவிட்டது. "தாமிரபரணித் தண்ணிய வடிகட்டவா? ஏன் சார்வாள், நாம இதைத்தான குடிச்சு வளந்தோம்?"

ரேடியேட்டரில் எந்தத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். ஆனால் ஆற்றுத் தண்ணீர் என்று வந்துவிட்டால் எங்கள் ஊரில் படித்தவனுக்கும் படிக்காதவனுக்கும் ஒரே புத்திதான். வெளியூரில் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு முகம் சுளிக்கிற கூட்டம் நாங்கள். குடத்தைச் சாய்க்க நானே ஒரு கை கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், மனசுக்கு நிறைவாகவும் இருந்தது.

மறுநாள் காலை அவள் இருக்கையில் உட்கார்ந்து, நான் சொல்லாமலே அதை முன்பக்கம் திருப்பிப் பூட்டினாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பேட்டை, சுத்தமல்லி தாண்டினோம். பிறகு, "குலுக்கல் இல்ல" என்றாள். எனக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. சேரன்மகாதேவியை நெருங்கும்போது டேஷ்போர்டில் வெப்பம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். நடுவில் நிற்க வேண்டியது ஒரு கோடு மேலே ஏறியிருந்தது.

அந்த முள் என் பக்கம் இருந்தது, அவளுக்குத் தெரியாது. பைய ஏசியை அணைத்தேன்.

"ஏன்?" என்றாள்.

"வெளிக்காத்து நல்லா இருக்கு."

அவள் கண்ணாடியை இறக்கினாள். இரண்டு பக்கமும் வாழைத் தோப்பு. ஆனி மாசக் காற்று உண்மையிலேயே நன்றாகத்தான் இருந்தது. முள் இன்னொரு கோடு ஏறியது. எனக்கு உடனே புரிந்துவிட்டது. கலங்கல் தண்ணீரில் இருந்த மண்ணும் பாசியும் புது ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைத்துக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைத்தேன். வீரவநல்லூர் ஊருக்குள் ஒரு டிராக்டர் பின்னால் மாட்டிக்கொண்டு ஊர்ந்தபோது முள் சிவப்புக் கோட்டுக்கு ஒரு கோடு கீழே நின்றது. எப்படியாவது பாபநாசம் போய்ச் சேர்ந்துவிட்டால் அங்கே நிறுத்தி, யாருக்கும் தெரியாமல் தண்ணீரை மாற்றிவிடலாம் என்றுதான் அப்போதும் கணக்குப் போட்டேன்.

ஊரைத் தாண்டியதும் அந்த வளைவு வந்தது. அவள் கதவுப் பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். புளியமரத்தில் பட்டை உரிந்த இடம் இன்னும் வெளுப்பாகத் தெரிந்தது. அதைக் கடந்த பிறகும் அவள் மரத்தைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரியில ஜன்னலைப் பாத்துக்கிட்டு நின்னியளே, அதே மூஞ்சி" என்றாள்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான், மாட்டிக்கொண்டால் கோபம் வரும். வாயைத் திறந்தால் ஏதாவது கத்தியிருப்பேன். வாய்க்கால் ஓரமாக ஒரு மருத மரத்தடியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்தேன். முன்பக்கத்திலிருந்து சூடு புகையாக வந்தது.

"வண்டி சூடாகுது" என்றேன். "சேரன்மகாதேவியிலயே பாத்துட்டேன். அதுக்குத்தான் ஏசியை அணைச்சேன். காத்துன்னு சொன்னது பொய். நேத்து ரேடியேட்டர்ல ஆத்துத் தண்ணி ஊத்தினோம், நானும் சேந்துதான் ஊத்தினேன்."

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொன்ன பிறகு மற்றதை உள்ளே வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அன்னைக்கு அவர் இண்டிகேட்டர் போட்டிருந்தார். நான் பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன்" என்றாள்.

இரண்டு வருஷம் அவள் அதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"கட்டில்ல கிடந்த நானாவது சொல்லியிருக்கலாம். நீங்க சொல்லுவியன்னு பாத்தேன். அந்த மனுஷன் கும்பிடுதாரு, நானும் பாத்துக்கிட்டே கிடக்கேன்." பெல்ட்டைக் கழற்றிவிட்டு, "உங்க பக்கத்துல உக்காந்தா நானும் சேந்து அந்தப் பொய்யைச் சொல்லுத மாதிரி இருந்துச்சு. அதான் ஏறல" என்றாள். அழவில்லை. எனக்குத்தான் கண் எரிந்தது.

எஞ்சின் ஆற முக்கால் மணி நேரம் ஆயிற்று. கனத்த துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, அடியில் திருகைத் தளர்த்தினேன். செம்மண் குழம்பும் நூல் நூலாகப் பாசியும் வந்து விழுந்தன. எதிர்ப்புறம் இருந்த டீக்கடையில் ஒரு கேன் தண்ணீர் வாங்கி இரண்டு தடவை அலசி ஊற்றினேன். கடைக்காரர் எட்டிப் பார்த்து, "வாய்க்கால்ல இவ்வளவு தண்ணி ஓடுது, கேன் தண்ணிய ஊத்துதியளே" என்றார். நான் மூடியை இறுக்கினேன்.

"அந்த ஆட்டோக்காரர் வீடு கல்லிடைக்குறிச்சிதான?" என்றாள். "ஆஸ்பத்திரியில சொன்னாரே, ரயில்வே கேட்டுப் பக்கம்னு. வண்டி அது வரைக்கும் போகுமா?"

"தெரியல" என்றேன். அன்று நான் சொன்ன பதில்களில் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னது அது ஒன்றுதான். அவள் இருக்கையைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தாள்.

முள்ளைப் பார்த்துப் பார்த்து, இரண்டு இடத்தில் நிறுத்தி நிறுத்திப் போய்ச் சேர்ந்தோம். விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். வாசலில் லோடு ஆட்டோ இல்லை. சவாரி போயிருப்பார் என்று நினைத்தேன். வெளியே வந்த அவருடைய மனைவி எங்களை அடையாளம் தெரியாமல், "அவுக இப்பம் வண்டி ஓட்டுததில்ல. ஒரு ஆக்சிடெண்ட் ஆயிட்டு. பொறவு கை வரலைன்னு வண்டிய வித்துட்டாவ. அப்பளக் கம்பெனியில லோடு ஏத்தப் போறாவ. சாப்பிட வாற நேரந்தான், உக்காருங்க" என்றார்.

நாங்கள் உட்காரவில்லை. என் மனைவியால் அதிக நேரம் நிற்க முடியாது, ஆனாலும் நின்றாள்.

அவர் சைக்கிளில் வந்தார். இளைத்திருந்தார். கையிலும் புருவத்திலும் உளுந்து மாவு. என் மனைவியைப் பார்த்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு மறுபடியும் கையெடுக்கப் போனார். அவள் எட்டி அந்தக் கையைப் பிடித்துத் தாழ்த்தினாள்.

நான் பேச ஆரம்பித்தேன். வகுப்பில் நிற்கிறவனைப் போல வரிசையாகச் சொல்ல நினைத்தேன், வரவில்லை. ஹாரன் அடித்தது, கோபம், போலீஸ்காரரிடம் சொன்னது என்று முன்னுக்குப் பின்னாக உளறி முடித்தேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தேன்.

அவர் கையில் ஒட்டியிருந்த மாவைத் துண்டில் துடைத்தார்.

"அப்பம் நான் இண்டிகேட்டர் போட்டிருந்தேனா சார்?" என்றார்.

"போட்டிருந்தீங்க."

"போட்ட மாதிரிதான் ஞாபகம். எல்லாரும் போடலைன்னு சொல்லவும் எனக்கே குழம்பிப்போச்சு. ராத்திரியெல்லாம் கையை வச்சு வச்சுப் பாப்பேன், இந்தக் கைதான போட்டுச்சு, போடலியான்னு." வலது கையைத் தூக்கி ஒரு தரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"அதை இவகிட்ட ஒரு தடவை சொல்லுங்க சார்" என்றார்.