குதிரை இல்லாத ஒப்பாரி

எங்கள் பக்கத்து வீட்டு டொக்தொசுன் இளம் வயதிலேயே ரஷ்யாவுக்குப் போனவன். அங்கே அடுக்குமாடி முற்றங்களில் பனி தள்ளினான். மகள் எல்ஸாதா அங்கேதான் பிறந்தாள். மனைவி செத்த பிறகு ஒற்றை ஆளாக அவளை வளர்த்தான். அவன் எங்கள் கிர்கிஸ் மொழியில் கேட்பான், அவள் ரஷ்ய மொழியில் பதில் சொல்வாள். அந்த வீட்டில் அது யாருக்கும் குறையாகப் படவில்லை.

போன குளிர்காலத்தில் அவன் அங்கேயே செத்துப்போக, எல்ஸாதா அவன் உடலோடு ஊருக்கு வந்தாள். வாசலில் கம்பளிக் கூடாரம் போட்டோம். துக்கத்துக்கு ஆள் வரும்போதெல்லாம் மகள் சுவரைப் பார்த்து உட்கார்ந்து அப்பனைப் பாடி அழ வேண்டும். எல்ஸாதா வாய் திறக்கவில்லை.

"பெத்த அப்பனுக்கு அழக்கூடத் தெரியல. ரஷ்யாக்காரியா வளத்துட்டான்" என்றாள் வாசலில் நின்ற ஒருத்தி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பாதிப் பேர் அங்கே தரை துடைத்துவிட்டு வந்தவர்கள்தானே!

டொக்தொசுனின் அக்கா சாலிமா எல்ஸாதாவின் தோளை உலுக்கினாள். "தம்பி மானத்த வாங்காதடி. நான் சொல்றதத் திருப்பிச் சொல்லு, போதும். குதிரை மந்தை ஓட்டி வந்த ராசாவே..."

எல்ஸாதா ஒரு வரி சொன்னாள். நிறுத்திவிட்டாள்.

"அத்தே, அப்பாகிட்ட... குதிரை இல்லையே."

"இல்லாட்டி என்ன? ஒப்பாரின்னா அப்படித்தான்டி!"

எல்ஸாதா சுவர்ப்பக்கம் திரும்பினாள். ராகம் நம்முடையது, சொல் ரஷ்ய மொழி.

"விடியுமுன்ன பனி தள்ளினியே அப்பா. எங்க பள்ளிக்கூட வாசல்ல மட்டும் ரெண்டு தரம் தள்ளினியே. உன்னைப் பேர் சொல்லி ஒருத்தரும் கூப்பிடலையே. 'ஏய்'னுதானே கூப்பிட்டாங்க. அது யாருன்னு சிநேகிதிங்க கேட்டப்ப, யாரோன்னு சொன்னேனே. உன் காதுல விழுந்துச்சே. அன்னிக்கும் எனக்கு வழி விட்டு ஒதுங்கி நின்னியே அப்பா..."

அவள் வாயைப் பொத்தப் போன சாலிமாவின் கை பாதியில் நின்றது. அவளும் ரஷ்யச் சந்தையில் காய் விற்றவள், ஒரு சொல் விடாமல் புரிந்தது. வாசலில் நின்று பேசியவளும் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள். நானும் வாய்விட்டு அழுதேன், என் புருஷனும் அங்கே கட்டட வேலையில் செத்தவன்.

தெருவில் மறுபடி ஆள் வரும் சத்தம் கேட்டது. சாலிமா மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள்.

"ஆளுங்க வர்றாங்கடி. அந்தப் பனி தள்ளினதச் சொல்லு. அவன்தான் என் தம்பி."