குவாண்டம் தாளும் என் இடமும்

நம்பாதவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். பட்டவள் நான்.

எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இயற்பியல் படித்தேன். குவாண்டம் தாளில் ஒருமுறை தோற்றாயிற்று. இன்னொருமுறை தோற்றால் படிப்பு முடிந்தது. ஊருக்குத் திரும்பிக் கல்யாணம்தான். இணையத்தில் தேடினால், ஒரு காணொளி சொல்வதை அடுத்தது பொய் என்கிறது. எதை நம்பித் தொலைப்பது? கேட்க அந்த ஊரில் எனக்கொரு நாதியில்லை.

ரமலான் மாதம். பழைய புத்தகக் கடை ஷௌகி மாமாவிடம் போனேன்.

"குவாண்டமா? அந்தப் பெட்டில தேடு தாயி. பாதி டூப்பு, பாத்து எடு. நான் நோன்பு தொறக்கத் தெருப் பந்திக்குப் போறேன். உனக்கும் எடம் புடிச்சு வைக்கிறேன், ரீஹாம். வந்துரு."

மாலை 6.20. கடைத்தெருவே காலி. 'நினைத்தாலே பணம் வரும், குவாண்டம் ரகசியம்' என்றது கையிலிருந்த புத்தகம். கர்மம்! தூக்கிப் போட்டேன்.

சரக்... சரக்...

அலமாரிக்குப் பின்னால் யாரோ பக்கம் புரட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். என் வயதுப் பெண்.

"இத எடு. இதுல பொய் இல்ல."

அட்டை கிழிந்த புத்தகம். ஒரு வருடமாக விளங்காதது முதல் பக்கத்திலேயே விளங்கியது. அழுகை வந்துவிட்டது.

"நோன்பு திறக்கப் போகலையா?" என்றேன்.

"என்னை யாரும் கூப்பிடல."

பாவமாக இருந்தது. எங்கள் வழக்கப்படி சொன்னேன்: "என் இடம் உன் இடம்தான். எடுத்துக்கோ."

மரியாதைக்குச் சொல்வது. மூன்று முறையாவது மறுப்பார்கள். எல்லோரும் மறுப்பார்கள்.

அவள் மறுக்கவில்லை.

"சரி."

டமார்... நோன்பு திறக்கும் பீரங்கி. அது வெடித்தும் படித்துக்கொண்டே இருந்தேன். புத்தகத்திலிருந்து நிமிர்ந்தபோது 6.45. அவள் இல்லை.

பந்திக்கு ஓடினேன். மாமா பக்கத்தில் பாதி சாப்பிட்ட தட்டு.

"எங்க தாயி எந்திரிச்சுப் போனே?"

"இப்பத்தானே மாமா வர்றேன்..."

"வெளையாடாத. இவ்வளவு நேரம் என் பக்கத்துல சிரிச்சுப் பேசிட்டு இருந்தியே!"

ஓடி வந்துவிட்டேன்.

தேர்வு நாளன்று கடும் காய்ச்சல். எழவே முடியவில்லை. போகவில்லை. காய்ச்சல் விட்டதும் ஊருக்குப் போகப் பெட்டியைக் கட்டினேன்.

முடிவு வந்தது. தேர்ச்சி.

தேர்வுக் கண்காணிப்பாளரிடம் ஓடினேன். "மொத வரிசைலதானே உக்காந்து எழுதினே?" என்றார்.

அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"நேத்து ராத்திரியே சொல்லிட்டியேடி," என்றாள் அம்மா. "எத்தன வருஷம் கழிச்சு மனசுவிட்டுப் பேசினே... தெனமும் அப்படியே பேசு, கண்ணு."

நேற்று நான் யாரிடமும் பேசவில்லை.