ஆஃப் பண்ணுமுன் ஒரு ரேஸ்

பேய், ஆவி, முனி என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் எழுந்து போகிற ஆள் நான்தான், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலை மேல் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் லேப் டெக்னீஷியன் வேலை. சளியும் ரத்தமும் சோதித்துப் பார்த்தே தலை நரைத்துவிட்டது. மிஷின் ஒரு நம்பர் காட்டும், சந்தேகம் வந்தால் மறுபடியும் போட்டுப் பார்ப்பேன், அப்போதும் அதே நம்பர் வந்தால் அதுதான் உண்மை, மேலே பேச்சில்லை. முனி அடித்துக் காய்ச்சல் வந்தது என்று மலைக்காரர்கள் வந்தால், "முனியாவது கினியாவது, கைய நீட்டு" என்று ஊசியைக் குத்தி மலேரியா பார்ப்பேன். மாதா கோயிலுக்குப் போவேன், கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவேன், ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன். செத்தவர்கள் ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தார்கள், அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்கு பஸ் கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இனி நீங்கள் நம்பினால் நம்புங்கள்.

என் வீட்டுக்காரர் ஆரோக்கியம் லாரி டிரைவர். மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றிக்கொண்டு ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி செய்கிற சேகோ ஆலைகளுக்குப் போவார். அந்தக் காலத்து டிரைவர்களுக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வண்டியை நிறுத்தி சாவியைத் திருப்புவதற்கு முன்னால் ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து விடுவார்கள். ஒரே ஒரு ரேஸ். அப்புறம்தான் ஆஃப். காலையில் வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும் என்பார்கள். பழைய லாரிக்கு அது சரியோ தப்போ எனக்குத் தெரியாது. லாரியை விட்டு இறங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு டீசல் கார் வாங்கிய பிறகும் இவர் அதையே செய்தார். கேட்டுக்கு வெளியே வ்ரூம் என்று ஒரு சத்தம், அடுத்த நொடி ஊரே அடங்கின மாதிரி ஒரு அமைதி. அந்தச் சத்தம் கேட்டதும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன். அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவதற்கும் முதல் தோசை தட்டில் விழுவதற்கும் சரியாக இருக்கும். வந்துட்டேன் என்று ஒரு நாளும் வாயால் சொன்னதில்லை அந்த மனுஷன்.

"டீசலு இன்னா தண்ணியா, எதுக்கு சும்மா உறுமவிடுறீங்க?" என்று கத்துவேன்.

"வண்டிகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுதான் ஆஃப் பண்ணணும் ஸ்டெல்லா" என்பார்.

நெஞ்சு வலி என்று சொன்னவர் விடிவதற்குள் போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தக் காரை நான்தான் ஓட்டுகிறேன். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறுவேன், சாயங்காலம் இறங்குவேன். வீட்டு வாசலில் நிறுத்தி சாவியைத் திருப்பினால் வண்டி சத்தமில்லாமல் அடங்கும். உள்ளே தோசைக்கல் வைக்க யாருமில்லை. பூட்டைத் திறந்து, ஒவ்வொரு அறையாக லைட்டைப் போட்டு, பார்க்கிறேனோ இல்லையோ டிவியையும் போட்டுவிடுவேன். தனியாக இருக்கிறவர்களுக்குத் தெரியும், ராத்திரிகூடச் சமாளித்துவிடலாம், வீட்டுக்குள் நுழைகிற அந்த நேரம்தான் ஆளைக் கொல்லும்.

சென்னையில் இருக்கிற என் மகள் ஜெனிட்டா விடாமல் நச்சரித்தாள். "அந்த வண்டிய வித்துடும்மா, வி.ஆர்.எஸ். குடுத்துட்டு இங்க வந்துடு. அந்த வூட்ல ஒண்டியா இன்னா பண்ற?" சரி, வண்டியை விற்றதும் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். கொடுத்துவிட்டேனே தவிர, வண்டி போனால் அவருடையது என்று மிச்சமிருக்கிறதும் போய்விடுமே. சட்டை துணிமணியையெல்லாம் தானம் கொடுத்தாகிவிட்டது, அவர் உட்கார்ந்து பள்ளமான அந்த சீட்டு மட்டும்தான் பாக்கி.

தியாகதுருகத்தில் உரக்கடை வைத்திருக்கிறவர் வாங்கிக்கொள்கிறேன் என்றார். மெக்கானிக் பார்த்து நல்லா இருக்கிறது என்று சொன்னால் போதும் என்றார். எங்கள் மெக்கானிக் ரஃபீக் பாய் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"டர்போல ஆயில் கசியுதுக்கா. நீங்க ஆஃப் பண்றப்ப ரேஸ் குடுக்குறீங்களா?"

"நான் எதுக்கு பாய் குடுக்கப் போறேன்? அது அவரு பழக்கம். அவரு போயி ரெண்டு வருஷம் ஆவுது."

"போன வருஷம்தானேக்கா புது டர்போ போட்டேன்? ரேஸ் குடுத்து ஆஃப் பண்ற வண்டிலதான் இது ஜாஸ்தி வரும். நீங்க தெரியாம மிதிச்சிக்கினு இருக்கீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பொம்பளை என்றால் எதை மிதிக்கிறோம் என்றுகூடத் தெரியாதா? அப்போதுதான் ஜெனிட்டா வாங்கிக் கொடுத்திருந்த ஒரு கருவி ஞாபகம் வந்தது. தீப்பெட்டி அளவு கறுப்பு டப்பா. ஸ்டீயரிங்குக்கு அடியில் ஒரு சாக்கெட் இருக்கிறது, அதில் செருகிவிட்டால் புளூடூத் வழியாக நம் போனிலேயே வண்டியின் நாடி நரம்பெல்லாம் தெரியும். எஞ்சின் சூடு, சுற்று, ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதிக்கிறோம், எல்லாம். ஒவ்வொரு பயணத்தையும் கோடு கோடாக வரைந்து சேமித்தும் வைக்கும். இதைவிட என்ன வேண்டும், ஒரு வாரம் ஓட்டி, கோட்டைக் காட்டி பாய் வாயை அடைத்துவிடலாம் என்று செருகினேன்.

அந்த வாரக் கடைசியில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு பயணமாகத் திறந்து பார்த்தேன். மலை ஏறியது, இறங்கியது, டீ குடிக்க நின்றது, பெட்ரோல் பங்கில் நின்றது, எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் வீட்டு வாசலில் முடிகிற ஒவ்வொரு பயணத்தின் கடைசியிலும், சாவியைத் திருப்புவதற்கு ஒரு மூச்சு முன்னால், ஆக்சிலேட்டர் கோடு மட்டும் ஒரு தடவை மேலே ஏறி இறங்கியிருந்தது. எஞ்சின் சுற்றுக் கோடு அசையவில்லை. எனக்கும் எந்தச் சத்தமும் கேட்டதில்லை. வேறு எந்த இடத்தில் நிறுத்தினாலும் அது இல்லை, எங்கள் வீட்டு கேட்டில் மட்டும்தான்.

சந்தேகம் வந்தால் மறுபடியும் போட்டுப் பார்க்க வேண்டும், அதுதானே என் தொழில்? மறுநாள் வாசலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, இரண்டு காலையும் சீட்டின் மேல் சம்மணம் போட்டுக்கொண்டுதான் சாவியைத் திருப்பினேன். பக்கத்து வீட்டம்மா பார்த்திருந்தால் பைத்தியம் என்று முடிவே கட்டியிருப்பாள். கோட்டைப் பார்த்தேன். ஏறி இறங்கியிருந்தது.

பாயிடம் ஓடினேன். "பெடல் சென்சார் போயிருக்கும்கா" என்றார்.

"சென்சாருக்கு எங்க வூட்டு கேட்டு தெரியுமா பாய்?"

சிரித்தார். போனை வாங்கி ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. வேறு பெடலே மாற்றிக் கொடுத்தார். அன்று சாயங்காலமும் கோடு ஏறி இறங்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஒன்று சொல்கிறேன், வெகு நாளைக்கப்புறம் அன்றைக்குத்தான் கிரைண்டரைக் கழுவி மாவு அரைத்தேன். அதுவரை எனக்கொருத்திக்கு என்ன என்று கடைமாவு பாக்கெட்தான்.

அடுத்து நடந்ததுதான் இன்னும் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கார்த்திகை மாத மழை. டியூட்டி முடிந்து வெள்ளிமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி மலையில் ஒரு பெரிய மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. எனக்கு முன்னால் பைக்கில் வந்த ஒருவர், மேலே போய் ஆள் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று திரும்பிப் போனார். போனில் சிக்னல் சுத்தமாக இல்லை. பனி இறங்கி, பானெட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. வண்டியை ஆஃப் பண்ணி, சாவியை எடுத்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, குடையோடு இறங்கி மரத்துப் பக்கமாகப் போய் நின்றேன். அத்தனை பெரிய மலையில் மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றுமில்லை. நான் இப்படியே இங்கே கிடந்தாலும் இன்றைக்குத் தேடுவதற்கு ஒரு ஜீவன் இல்லையே, ஜெனிட்டா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போதுதானே தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. இருட்டுகிற நேரம். அவர் வீட்டுக்கு வருகிற நேரம்.

டார்ச் அடிப்பதற்காகக் கையில் வைத்திருந்த போன் டிங் என்றது. அந்தக் கருவி இணைந்துவிட்டது என்று திரையில் வந்தது. சாவி இல்லாமல் வண்டி எதையும் சொல்லாது, அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சாவியோ என் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆக்சிலேட்டர் கோடு மெதுவாக மேலே ஏறியது. அப்புறம் இறங்கியது. ஒரே ஒரு ரேஸ்.

வண்டியைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணாடி முழுக்கப் பனி. கதவைத் திறந்து பெடலைக் குனிந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை, அவ்வளவு தைரியம் எனக்கில்லை. யேசுவே என்று சிலுவை போட்டுக்கொண்டேன். ஆனால் சத்தியமாகச் சொல்கிறேன், வந்தது பயம் இல்லை, அழுகை. நடுமலையில் குடையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டீங்களா? இங்க அடுப்பு இல்லீங்களே" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்புறம் மேலேயிருந்து ஆட்கள் அரிவாளோடும் ரம்பத்தோடும் வந்து மரத்தை வெட்டி வழி பண்ணினார்கள். அதில் ஒருவர், "இன்னா மேடம், ஒண்டியாவா வந்தீங்க?" என்று கேட்டார். வண்டிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுத் தலையை ஆட்டி வைத்தேன்.

இத்தனைக்குப் பிறகும் ஏன் விற்றாய் என்று கேட்பீர்கள். ஒரு கோட்டைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் உயிர் வாழ்வது? பெற்ற பெண்ணுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, இதை அவளிடம் சொன்னால் அம்மாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று அன்றைக்கே வந்து அள்ளிக்கொண்டு போவாள். கசிவையும் மறைக்காமல் சொல்லித்தான் உரக்கடைக்காரரிடம் சாவியைக் கொடுத்தேன். கருவியை மட்டும் பிடுங்கி வைத்துக்கொண்டேன். வண்டி தெருமுனை திரும்பியபோது பெண்ணைக் கட்டிக் கொடுத்து அனுப்பியபோதுகூட அழாத அழுகை அழுதேன்.

கருவியைச் சமையலறை டிராயரில், ரப்பர் பேண்டு, கரண்ட் அட்டையோடு போட்டு மூடினேன். அதற்கென்று பேட்டரி கிடையாது, தெரியுமா? வண்டியில் செருகினால்தான் உயிர். வெளியே எடுத்தால் வெறும் பிளாஸ்டிக்.

அன்று சாயங்காலம் லைட்டைக்கூடப் போடாமல் சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். மேடையில் கிடந்த போன் டிங் என்றது. கோடு ஏறியது. இறங்கும் என்று பார்த்தேன், இறங்கவில்லை. ஏறின இடத்திலேயே நின்றது. அவர் எப்போதும் மிதித்து, விட்டு, உடனே ஆஃப் பண்ணுவார், இப்படிக் காலை எடுக்காமல் இருந்ததே கிடையாது. எனக்கு என்ன தோன்றியதோ, வாசலுக்கு ஓடி கேட்டை அகலத் திறந்தேன். தெரு காலியாக இருந்தது. கார் நிற்கிற இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும்தான். உள்ளே வந்து உரக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். "வண்டி இங்க வூட்லதாங்க நிக்குது, சாவி ஆணில மாட்டியிருக்குது, ஏங்க?" என்றார். சும்மாதான் கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

போனில் அந்தப் பயணம் இன்னும் முடியவில்லை. நீங்களே வாங்கிப் பாருங்கள், எனக்கொன்றும் மறைக்க வேண்டியதில்லை. மற்ற பயணங்களுக்கு எதிரேயெல்லாம் 'முடிந்தது' என்று போட்டிருக்கிறது. இதற்கு மட்டும் 'பயணத்தில்' என்று இருக்கிறது. தூரம் பூஜ்யம். நேரம் மட்டும் இன்றைக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது, போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் ஓடுகிறது. ஜெனிட்டாவிடம் பட்டும் படாமல் கேட்டேன். "போன்ல இருக்கிற அந்த ஆப் கோளாறும்மா, அழிச்சிட்டு திரும்பப் போடு" என்றாள். அழிக்கலாம். லேப்பில் தினமும் செய்கிறதுதானே, தப்பான ரிசல்ட் என்றால் அழித்துவிட்டு மறுபடி போடுவது. கை வரவில்லை. கேட்டுக்கும் இப்போதெல்லாம் பூட்டுப் போடுவதில்லை.

நேற்றும் போன் பண்ணினாள். "வண்டியதான் வித்தாச்சே, இன்னும் இன்னாம்மா அங்க? எப்ப வர?"

"மாவு அரைச்சி வச்சிட்டேன்டி, அது தீரட்டும்" என்றேன்.